மாத்திரை வீடு தேடி வருது... விளக்கம் யார் தருவது? சர்க்கரை நோய் கல்வியாளர்கள் மாநாடும் வாடிப்பட்டியும்

இன்சுலின் சிரிஞ்சில் ஒன்று சிவப்பு மூடி, இன்னொன்று ஆரஞ்சு மூடி. பார்ப்பதற்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வீட்டில் இன்சுலின் போடும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது. அவர்களுக்கு 'டயாபட்டீஸ் எஜுகேட்டர்' என்று பெயர். தமிழில் சர்க்கரை நோய் கல்வியாளர். ஆண்டுதோறும் பெரிய நகரங்களில் இவர்களுக்கென மாநாடு நடக்கிறது. புதுக் கருவி, புது மருந்து, புது ஆய்வு என எல்லாம் அங்கே பேசப்படுகிறது.

ஆனால் அங்கே பேசப்படுவது மதுரை மாவட்டம் வாடிப்பட்டி போன்ற ஓர் ஊரின் மருத்துவமனை வரிசை வரைக்கும் வந்து சேர்கிறதா? யார் இந்தக் கல்வியாளர்கள், மாநாட்டில் என்ன நடக்கிறது, நமக்கு அதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி... என்ன வித்தியாசம்?

முதலில் அந்த மூடி விஷயம். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

வாடிப்பட்டி பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். கையில் இருப்பது 40 யூனிட் பாட்டில். சிரிஞ்ச் தீர்ந்துபோனதால் மகன் கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வாங்கி வருகிறார். அதில் '20' கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது வெறும் 8 யூனிட்தான். "ஊசி போட்டும் சுகர் இறங்கலையே" என்று அம்மா புலம்புவார். அடுத்த முறை டாக்டர் அளவைக் கூட்டி எழுதக்கூடும்.

இதுவே தலைகீழாக நடந்தால்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சடாரென்று இறங்கி, மயக்கம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதைத் தடுக்கப் புது மருந்து எதுவும் தேவையில்லை. ஒருவர் உட்கார்ந்து, பாட்டிலையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, "எங்கே, நீங்க இழுத்துக் காட்டுங்க பார்ப்போம்" என்று சொன்னால் போதும். கல்வியாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

யார் இந்த டயாபட்டீஸ் எஜுகேட்டர்?

இவர் டாக்டருக்கு மாற்று கிடையாது. மருந்தையோ அளவையோ முடிவு செய்வது டாக்டர்தான். அந்த மருந்தை வைத்துக்கொண்டு தினமும் வாழ்வது எப்படி என்று கற்றுக்கொடுப்பவர் கல்வியாளர். நர்ஸ், டயட்டீஷியன், மருந்தாளுநர் என ஏற்கெனவே மருத்துவத் துறையில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கூடுதல் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வருகிறார்கள்.

அமெரிக்காவில் இவர்களுக்கான சங்கம் 1973-ல் தொடங்கப்பட்டது. 2020-ல் 'சர்க்கரை நோய் பராமரிப்பு மற்றும் கல்வி நிபுணர்கள் சங்கம்' எனப் பெயரையும் மாற்றிக்கொண்டது. அங்கே சான்றிதழ் வாங்குவது சுலபமில்லை. பொதுவாக 1,000 மணி நேரம் நோயாளிகளுக்குக் கற்பித்த அனுபவம் வேண்டும். வாங்கிய சான்றிதழை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சரி, ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் மட்டும் சுகர் குறைந்துவிடுமா? குறைகிறது என்கின்றன ஆய்வுகள். 118 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஓர் அலசலில், இத்தகைய கல்வி பெற்றவர்களுக்கு 'மூணு மாச சுகர்' என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி அளவு, பெறாதவர்களைவிடச் சராசரியாக 0.57 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. கற்றுக்கொடுக்கும் நேரம் மொத்தம் 10 மணி நேரத்தைத் தாண்டியபோது பலன் இன்னும் நன்றாக இருந்தது.

2 நிமிடமும் 10 மணி நேரமும்

இந்த 10 மணி நேரம்தான் இங்கே பிரச்சினை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், சர்க்கரை நோயாளிக்கு முதல் ஆண்டில் 10 மணி நேரக் கல்விக்குப் பணம் தருகிறது. அதற்கடுத்த ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 மணி நேரம். பிரிட்டனிலும் நோய் கண்டறியப்பட்டதுமே முறையான வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

இந்தியாவில்? 67 நாடுகளில் டாக்டரும் நோயாளியும் பேசும் நேரத்தைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஸ்வீடனில் சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். அந்த 2 நிமிடத்துக்குள் சீட்டைப் பார்த்து, மாத்திரை எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். சிரிஞ்ச் மூடியின் கலரைப் பற்றிப் பேச நேரம் எங்கே?

இதை டாக்டர்களின் குறை என்று மட்டும் பார்க்க முடியாது. கூட்டம் அப்படி. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்று, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டது. இதை நடத்தியதில் முக்கியப் பங்கு சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனுக்கு.

100-ல் 11 பேர்

தமிழ்நாட்டு நிலவரம் இன்னும் யோசிக்க வைக்கிறது. 2020-ல் மாநிலம் முழுக்க நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், பெரியவர்களில் 17.6% பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இருந்தது தெரியுமா? 10.8% பேருக்குத்தான். அதாவது சுகர் உள்ள 100 பேரில் சுமார் 11 பேர்.

இதற்கெல்லாம் பதிலாக வந்ததுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கிறார்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

மாத்திரை வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டிய நிலை பலருக்கு மாறியது பெரிய விஷயம். ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. அதை எப்போது போடுவது, சாப்பிடாத அன்றைக்கு என்ன செய்வது, கால் மரத்துப்போனால் யாரிடம் போவது என்பதெல்லாம் மீதிப் பாதி.

மாநாட்டில் என்ன நடக்கிறது?

கல்வியாளர்கள் மாநாடு என்பது வெறும் மேடைப் பேச்சு இல்லை. அமெரிக்கச் சங்கத்தின் ஆண்டு மாநாடு 2024-ல் நியூ ஆர்லியன்ஸிலும், 2025-ல் ஃபீனிக்ஸிலும் நடந்தது. இத்தகைய மாநாடுகளில் பொதுவாக மூன்று விஷயங்கள் இருக்கும்.

ஒன்று, வகுப்புகள். புது மருந்து, உணவு, மனஅழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை என்று தலைப்பு வாரியாக நடக்கும். இதில் கலந்துகொள்ளும் மணி நேரமும் சான்றிதழைப் புதுப்பிக்கும் கணக்கில் சேரும்.

இரண்டு, அனுபவப் பகிர்வு. "எங்க ஊர்ல இப்படிச் செஞ்சோம், இது பலிச்சது, இது பலிக்கல" என்று சின்ன ஊர்க் கல்வியாளரும் ஒரு போஸ்டரில் எழுதி ஒட்டலாம்.

மூன்று, கண்காட்சி அரங்கு. மருந்து, கருவி நிறுவனங்களின் ஸ்டால்கள். கையில் ஒட்டிக்கொண்டால் விரலைக் குத்தாமலே தொடர்ந்து சுகர் காட்டும் சென்சார், இன்சுலின் பம்ப் எல்லாம் இங்கேதான் முதலில் கண்ணில் படும்.

இந்த மூன்றாவதில்தான் ஒரு சிக்கல். மாநாடுகளுக்குப் பணம் தருவதில் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் மருந்து நிறுவன ஆதரவோடு வேலை பார்க்கும் எஜுகேட்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித் தருவது பயனுள்ளதாகவே இருக்கலாம். ஆனாலும் "இந்த பிராண்டுக்கு மாறுங்க" என்பது கல்வி ஆகாது. கல்விக்கும் விற்பனைக்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும்.

பாங்காக்கில் பேசியது, வேலூரில் தொடங்கியது

மாநாடு என்றாலே வெட்டிச் செலவு என்றும் ஒதுக்க முடியாது. அதற்கு நம்ம மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர் வரும்?" இந்தக் கேள்வியை டாக்டர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு வரும் ஒருவகைச் சர்க்கரை நோயை 1985-ல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக ஏற்றது. போதிய ஆதாரம் இல்லை என்று 1999-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பிறகு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக மாநாட்டில் சர்வதேச சர்க்கரை நோய் கூட்டமைப்பு இதை 'டைப் 5' என்று அங்கீகரித்தது. உலகம் முழுக்க 2 முதல் 2.5 கோடி பேருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

ஆக, ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு ஏழை நோயாளியின் சிகிச்சையையே மாற்றக்கூடும். ஆனால் வயல் வேலைக்குப் போகும் ஒல்லியான ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

வாடிப்பட்டிக்கு என்ன தேவை?

மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில் இருக்கிறது வாடிப்பட்டி. பேரூராட்சி, தாலுகா தலைநகரம். சுற்றிலும் நெல்லும் தென்னையும். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய பிரச்சினை என்றால் பஸ் பிடித்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய்வர ஒரு நாள் ஆகிவிடும்.

மாநாட்டு அரங்கில் சென்சார், பம்ப் பற்றிப் பேசுவார்கள். 14 நாளைக்கு ஒரு சென்சார், விலை சில ஆயிரம் ரூபாய். இந்தப் பக்கத்து நோயாளியின் கேள்விகளோ வேறு.

"ஃப்ரிட்ஜ் இல்ல, இன்சுலினை எங்க வைக்கிறது?"
பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பாட்டிலைப் பெரும்பாலும் 28 நாள் வரை, அதிக வெயில் சூடு படாத இடத்தில் வைக்கலாம். மதுரை வெயிலுக்கு வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டும். அதனால் ஈரமண்ணும் பானையும் கைகொடுக்கும். பெரிய மண்பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் மருந்து. தண்ணீர் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோன இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

"அப்போ சோறே சாப்பிடக் கூடாதா?"
சாப்பிடலாம், அளவுதான் விஷயம். இந்தியர்களின் உணவில் சுமார் 62% கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் உணவு ஆய்வு சொல்கிறது. சோற்றை நிறுத்திவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் பலன் இல்லை. கேப்பைக் கூழும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பாகக் குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்றவை, மீதி கால் பங்குதான் சோறு.

"பழனிக்கு நடந்து போறேன்னு வேண்டிக்கிட்டேன். போகலாமா?"
கல்வியாளர் முதலில் கேட்பது: "கால்ல உணர்ச்சி நல்லா இருக்கா?" நரம்பு பாதித்தவர் வெறுங்காலில் நடந்தால் கல் குத்தியதும் கொப்புளம் வந்ததும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர் செருப்பு, தினமும் ராத்திரி பாதத்தைப் பார்ப்பது, வேண்டுதலை வேறு வழியில் நிறைவேற்றுவது என்று அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். "போகக் கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் பலர் சொல்லாமல் போய்விடுவார்கள்.

"வேலை நேரத்துல படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டுது. என்ன செய்ய?"
சுகர் 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சாக்லேட், கடலை மிட்டாய் இதற்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்கு அடிக்க வேண்டும்.

இந்தப் பதில்கள் எதற்கும் விலை உயர்ந்த கருவி வேண்டாம். நம் சாப்பாடும் வெயிலும் வேண்டுதலும் தெரிந்த, தமிழில் பேசக்கூடிய, அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஓர் ஆள் வேண்டும்.

நம்மால் முடியாததா?

முடியும். சொல்லப்போனால் இந்தத் துறையில் தமிழ்நாடுதான் முன்னோடி. டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர். 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையையும் ஏற்படுத்தினார். இன்று சென்னையின் பெரிய சர்க்கரை நோய் மையங்கள் கல்வியாளர்களுக்கான பயிற்சிகளை நடத்துகின்றன. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் டயாபட்டீஸ் எஜுகேட்டர் என்ற வேலைக்குப் பாடத்திட்டம் இருக்கிறது.

பேச்சுக்கு எவ்வளவு பலம் என்பதையும் நம்மவர்களே காட்டியிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5% குறைந்தது. 2013-ல் அதே குழு, நோய் வரும் நிலையில் இருந்த 537 ஆண்களை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு அவரவர் விரும்பிய மொழியில் செல்போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். 2 ஆண்டில் அவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 36% குறைவு!

ஆளும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர், பி.பி. பார்க்கும் என்.சி.டி. நர்ஸ்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் ஊசி போடுகிறார்கள் என்பது வரை தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் கணக்கெடுப்பு, பதிவேடு, மாத்திரை விநியோகம் என்று அவர்களின் நேரம் போய்விட்டால் சொல்லிக் கொடுக்க நேரம் மிஞ்சாது.

எனவே கேள்வி இதுதான். மாநாட்டுக்கு யார் போகிறார்கள்? நட்சத்திர ஹோட்டலில், ஆங்கிலத்தில், கட்டணம் கட்டி நடக்கும் கூட்டத்துக்கு தாலுகா மருத்துவமனை நர்ஸ் விடுப்பு போட்டுப் போவது கஷ்டம். அப்படியானால் மாநாடுதான் அவரைத் தேடி வர வேண்டும். மாதத்தில் ஒரு மதியம், தாலுகா மருத்துவமனையில், தமிழில், சுற்றுவட்டார நர்ஸ்களும் தன்னார்வலர்களும் உட்கார்ந்து பேசும் சின்னக் கூட்டம் போதும். மதுரை மருத்துவக் கல்லூரியின் நிபுணர்கள் வந்து புது விஷயத்தைச் சொல்லலாம். தன்னார்வலர்கள் வீடுகளில் பார்த்ததைச் சொல்லலாம். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த முறை போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் இன்சுலின் 40 யூனிட்டா, 100 யூனிட்டா? எந்தக் கலர் மூடி சிரிஞ்ச் வாங்கணும்?
2. ஊசியை எந்தெந்த இடத்தில் மாத்தி மாத்திப் போடணும்? (ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது.)
3. என்னோட மூணு மாச சுகர் எவ்வளவு? எனக்கு எவ்வளவு இருக்கணும்? (பலருக்கு 7%-க்குக் கீழே. வயது, உடல்நிலையைப் பொறுத்து மாறும்.)
4. இந்த வருஷம் கண் விழித்திரை, பாதம், சிறுநீரகம் மூணும் பார்த்தாச்சா?
5. காய்ச்சல் வந்தாலோ, சாப்பிட முடியாமப் போனாலோ மாத்திரை, ஊசியை என்ன செய்யணும்?

பதில் புரியவில்லை என்றால் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. முடிந்தால் வீட்டில் ஊசி போட்டுவிடும் மகனையோ மருமகளையோ கூடவே கூட்டிப் போங்கள். பாட்டிலையும் சிரிஞ்சையும் பையில் எடுத்துப் போய், நர்ஸ் முன்னாடி ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். கோடு சரியா என்று அவர் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.